உடலுறவு அனுபவம் இல்லாத பெண்ணுக்குக் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை தேவையா? படிப்படியான வழிகாட்டி

மகளிர் மருத்துவரிடம் போகும் பெண்ணைப் பார்த்து நம் ஊரில் கேட்கும் முதல் கேள்வி, "கல்யாணம் ஆயிடுச்சாம்மா?" என்பதுதான். இல்லை என்று சொன்னால் பாப் ஸ்மியர் எனும் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையின் பேச்சே எழாது; முழு உடல் பரிசோதனைப் பட்டியலில் இருக்கும் அந்த வரியைப் பேனாவால் அடித்துவிடுவார்கள். ஆம் என்றால் வேறெதுவும் கேட்காமல் படுக்கச் சொல்வார்கள். இரண்டிலும் தவறு நேர்கிறது. கல்யாணமாகாத ஒருத்திக்கு வைரஸ் தொற்றியிருக்கலாம். கல்யாணமாகிச் சில ஆண்டுகள் கழிந்தும் தாம்பத்தியம் நடக்காத ஒருத்திக்கு, அது தெரியாமல் செய்யும் பரிசோதனை பெரும் வலியில் முடியலாம்.

கல்யாணத்தைக் கேட்பதற்குப் பதில் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: இன்னொருவருடைய உடல் உங்கள் பிறப்புறுப்பை எந்த வகையிலாவது தொட்டிருக்கிறதா? இதற்கான பதிலையும் உங்கள் வயதையும் வைத்துத்தான் பரிசோதனை வேண்டுமா, எப்போது, எந்த முறையில் என்பதெல்லாம் முடிவாகும்.

முதலில் வைரஸைப் பற்றி

கர்ப்பப்பையின் அடிப்பகுதி ஒரு கழுத்து போலக் குறுகி, யோனிக்குள் சற்றே நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் கர்ப்பப்பை வாய். அங்கே வரும் புற்றுநோய்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் எச்பிவி எனும் ஹியூமன் பாப்பிலோமா வைரஸ். இதில் 200-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. புற்றுநோயில் கொண்டுபோய் விடக்கூடியவை பத்துப் பதினான்கு வகைகள்தான். அவற்றிலும் 16, 18 என்ற இரண்டு எண்கள் மட்டுமே உலக அளவில் சுமார் 70 சதவீத நோய்க்குக் காரணம். இந்தியாவில் 2022-ம் ஆண்டில் சுமார் 1,27,000 பெண்களுக்கு இந்தப் புற்றுநோய் புதிதாக வந்தது. ஏறக்குறைய 80,000 பேர் இறந்தார்கள்.

உடலுறவுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு இருக்கிறது என்பது வைரஸ் கண்டுபிடிக்கப்படுவதற்கு வெகு காலம் முன்பே தெரிய வந்தது. 1842-ல் இத்தாலியின் வெரோனா நகரத்து இறப்புப் பதிவேடுகளைப் புரட்டிய டொமெனிகோ ரிகோனி-ஸ்டெர்ன் என்ற மருத்துவர், கர்ப்பப்பைப் புற்றுநோய் மணமான பெண்களிடம் அதிகமாகவும் கன்னியாஸ்திரீகளிடம் மிக அரிதாகவும் இருப்பதைக் கணக்கிட்டுச் சொன்னார். காரணம் புரிய இன்னும் 140 ஆண்டுகள் ஆயின. 1983-ல் ஜெர்மனியின் ஹரால்ட் சூர் ஹவுசன் குழு நோயுற்ற திசுவில் எச்பிவி 16-ஐக் கண்டது. 2008-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இந்த வைரஸ் ரத்தத்தில் சுற்றுவதில்லை. தோலோடு தோல், சவ்வோடு சவ்வு உரசும்போது தொற்றுகிறது. ஆணுறை ஆபத்தைக் குறைக்கும். உறை மூடாத இடத்துத் தோலிலிருந்தும் வைரஸ் வரலாம் என்பதால் முழுதாகத் தடுக்காது. தொற்றியவர்களில் 10-க்கு 9 பேருக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் உடலே அதை அடக்கிவிடும். அடங்காமல் தங்கிவிட்டால்தான் வம்பு. அப்போதும் புற்றுநோயாக மாற 15 முதல் 20 ஆண்டுகள் எடுக்கும். நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு 5 முதல் 10 ஆண்டுகள் போதும். பரிசோதனை என்ற ஏற்பாடே இந்த நீண்ட இடைவெளியை நம்பித்தான் நிற்கிறது.

படி 1: நீங்கள் எந்த வரிசையில் இருக்கிறீர்கள்

தனியாக உட்கார்ந்து, யாருக்கும் காட்டத் தேவையில்லாத பதிலாக இதைச் சொல்லிப் பாருங்கள்.

உடலுறவு, வாய்வழி உறவு, இன்னொருவர் விரல், உடை இல்லாமல் உறுப்போடு உறுப்பு உரசுவது, இருவர் பகிர்ந்துகொண்ட பாலியல் சாதனம் ஆகிய எதுவுமே உங்கள் வாழ்வில் நடந்ததில்லையா? அப்படியானால் உங்களுக்கு ஆபத்து மிக மிகக் குறைவு. பூஜ்யம் என்று சொல்லாததற்குக் காரணம், இந்தப் புற்றுநோயில் ஒரு சிறு பங்கு எச்பிவி இல்லாமலே வருகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2020-ம் ஆண்டு வகைப்பாட்டில் அவற்றுக்குத் தனி இடமே உண்டு. அவை அரிது, அவற்றைப் பாப் ஸ்மியர் பல நேரம் தவறவிடும், எச்பிவி பரிசோதனையும் காட்டாது. அதனால் அந்த அரிய வகையை நினைத்து வழக்கமான பரிசோதனைக்கு ஓடுவதில் பெரிய பலன் இல்லை. அறிகுறி வந்தால் உடனே போவதுதான் அதற்கு வழி.

உடலுறவு இல்லை, ஆனால் மேலே சொன்ன மற்றவற்றில் ஏதோ ஒன்று நடந்திருக்கிறதா? எச்பிவி வரக்கூடிய வழி திறந்திருக்கிறது. உடலுறவைவிட வாய்ப்பு குறைவுதான்; இருந்தாலும் பரிசோதனை விஷயத்தில் மற்றப் பெண்களைப் போலவே வயதுப்படி நடந்துகொள்ளுங்கள். துணை ஒரு பெண்ணாக இருந்தாலும் இதே கணக்குத்தான். பெண்ணோடு பெண் பழகினால் எச்பிவி வராது என்பது தவறான நம்பிக்கை. இதை நம்பிப் பரிசோதனையே செய்துகொள்ளாதவர்கள் உண்டு.

உங்கள் விருப்பமில்லாமல், சிறு வயதிலோ பிறகோ நடந்ததும் இந்தக் கணக்கில் வரும். அதை விவரிக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. "தொடர்பு இருந்திருக்கு, அதைப் பத்திப் பேச விரும்பல, பரிசோதனையை மெதுவா செய்யுங்க" என்ற ஒரே வாக்கியம் மருத்துவருக்குப் போதும். பேசத் துணை வேண்டுமென்றால் 181 பெண்கள் உதவி எண் இருக்கிறது.

எதெல்லாம் கணக்கில் வராது என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் வீண் பயம் அதிகம். டாம்பன், மாதவிலக்குக் கப், சைக்கிள், நீச்சல்குளம், பொதுக் கழிப்பறை, தனிமையில் தன்னைத் தானே தொட்டுக்கொள்வது: இவற்றை வைத்து நீங்கள் ஆபத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டாம்.

எச்ஐவி தொற்று, உறுப்பு மாற்று சிகிச்சை, நீண்ட கால ஸ்டீராய்டு அல்லது எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரைகள் இருந்தால் எந்த வரிசையில் இருந்தாலும் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். உங்களுக்கான வயதும் இடைவெளியும் வேறு.

படி 2: தடுப்பூசியை முதலில் முடியுங்கள்

வைரஸை இன்னும் சந்திக்காத உடலில்தான் எச்பிவி தடுப்பூசி மிகச் சிறப்பாக வேலை செய்கிறது. அந்த வகையில் இதுவரை எந்தத் தொடர்பும் இல்லாத பெண்ணைவிடப் பொருத்தமானவர் வேறு யாரும் இல்லை. "எனக்குத்தான் ஆபத்தே இல்லையே, எதற்கு ஊசி?" என்று தள்ளிப்போடுவது, கிடைக்கிற மிக நல்ல வாய்ப்பை விடுவது. ஊசி வருங்காலத்துக்கானது.

இந்தியாவில் சீரம் இன்ஸ்டிடியூட் தயாரிக்கும் செர்வாவேக் 2023 ஜனவரியில் வந்தது. 6, 11, 16, 18 ஆகிய நான்கு வகைகளைத் தடுக்கும். 9 முதல் 26 வயது வரை. வெளிநாட்டுத் தயாரிப்பான கார்டசில் 9, அந்த நான்கோடு 31, 33, 45, 52, 58 ஆகியவற்றையும் தடுக்கும். விலை பல மடங்கு. பணம் சேரட்டும் என்று விலை கூடிய ஊசிக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருப்பதைவிட, கைக்கு எட்டும் ஊசியை இப்போதே போட்டுக்கொள்வது நல்லது.

இங்கே வழக்கத்தில் உள்ள கணக்கு: 9 முதல் 14 வயதுக்கு 2 ஊசி, 6 மாத இடைவெளியில். 15 வயதுக்கு மேல் 3 ஊசி: முதல் நாள், 2-வது மாதம், 6-வது மாதம். உலக சுகாதார நிறுவனம் 2022 டிசம்பரில் இதைத் தளர்த்தி, 20 வயது வரை ஒன்று அல்லது இரண்டு, 21-க்கு மேல் இரண்டு போதும் என்றது. எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு முடிந்தால் மூன்று. உங்கள் மருத்துவர் எந்தக் கணக்கைப் பின்பற்றுகிறார் என்று கேட்டு, தேதிகளைக் கைபேசியில் குறித்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டு அரசு 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்கு இந்த ஊசி போடும் திட்டத்தை 2025 பட்ஜெட்டில் அறிவித்தது. வீட்டில் அந்த வயதுப் பிள்ளை இருந்தால் பள்ளியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ விசாரியுங்கள். இலங்கையில் 2017 முதல் 6-ம் வகுப்பு மாணவிகளுக்குப் பள்ளியிலேயே போடுகிறார்கள்.

ஊசி மேல் கையில், தசைக்குள். போட்டதும் எழுந்து நடக்காமல் 15 நிமிடம் உட்காருங்கள். இளம் பெண்களுக்கு மயக்கம் வருவது உண்டு, விழுந்து அடிபடுவதுதான் அதில் ஆபத்து. ஊசிக்கு முன் எச்பிவி பரிசோதனை செய்யத் தேவையில்லை. அப்படிச் செய்யச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள்.

கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, மூன்று ஊசிக்கு நாள் போதாது என்றால் முதல் ஊசியை உடனே போட்டுவிட்டு மற்றவற்றைக் கல்யாணத்துக்குப் பிறகு தொடரலாம். நடுவில் கர்ப்பம் தரித்தால் மீதியைப் பிரசவத்துக்குப் பிறகு போடுங்கள். முதலிலிருந்து தொடங்க வேண்டாம். கர்ப்பம் என்று தெரியாமல் ஊசி போட்டிருந்தாலும் அதற்காகக் கருவைக் கலைக்கத் தேவையில்லை. குழந்தைக்குத் தீங்கு ஏற்பட்டதாகக் காணப்படவில்லை.

படி 3: பரிசோதனை வேண்டுமா என்று முடிவெடுப்பது

இந்த இடத்தில் நாடுகளே ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. அமெரிக்க வழிகாட்டிகள் பாலியல் வரலாறு எதுவாக இருந்தாலும் வயது வந்ததும் தொடங்கச் சொல்கின்றன. 21 என்றும் 25 என்றும் இரு அமைப்புகள் இரு வயது வைத்திருக்கின்றன. சிங்கப்பூரில் உடலுறவு அனுபவம் உள்ள, 25 வயது கடந்த பெண்களுக்கு மட்டும் பரிந்துரை. ஆஸ்திரேலியாவில் பாலியல் தொடர்பு எந்த வகையில் இருந்திருந்தாலும் 25 முதல் 74 வரை. பிரிட்டனில் 25 நெருங்கும்போது எல்லாருக்கும் கடிதம் வரும். எவருடனும் எந்தத் தொடர்பும் இருந்ததில்லை என்றால் போகாமல் இருக்கத் தீர்மானிக்கலாம், விரும்பினால் செய்துகொள்ளலாம் என்று அவர்களே சொல்கிறார்கள். லண்டனிலோ லெஸ்டரிலோ இருக்கும் தமிழ்ப் பெண்கள் அந்தக் கடிதத்தைப் பார்த்துப் பதற வேண்டாம். ஜிபி எனும் உங்கள் குடும்ப மருத்துவரிடம் பேசித் தள்ளிவைக்கலாம். பிறகு மனம் மாறினால் மறுபடி சேர்ந்துகொள்ளலாம்.

இந்திய அரசின் திட்டம் 30 முதல் 65 வயது வரை 5 ஆண்டுக்கு ஒரு முறை என்கிறது. இலங்கையின் வெல் வுமன் கிளினிக்குகளில் 35, 45 வயதுகளில் பார்க்கிறார்கள்.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்து நாம் சொல்வது இது. எந்தத் தொடர்பும் இல்லை, 30 ஆகவில்லை என்றால் பரிசோதனை வேண்டாம்; ஊசி போதும். எந்தத் தொடர்பும் இல்லை, 30 கடந்துவிட்டது என்றால் அவசரம் எதுவும் இல்லை. மனநிம்மதிக்காக வேண்டுமென்றால் எச்பிவி பரிசோதனையைத் தேர்ந்தெடுங்கள். அதைப் படுக்காமலே, யோனியை விரித்துப் பார்க்கும் ஸ்பெகுலம் என்ற கருவி இல்லாமலே நீங்களே எடுத்துக்கொள்ள முடியும். தொடர்பு இருந்திருந்தால் 30 வயதில் தொடங்குங்கள். 25-லேயே தொடங்கச் சொல்லும் மருத்துவர்களும் உண்டு, அதில் தவறில்லை. இன்று எதுவும் இல்லாதவர் நாளை வாழ்க்கை மாறும்போது, மறு வாரமே ஓட வேண்டியதில்லை; உங்கள் வயதுக்குரிய வரிசையில் சேர்ந்துகொண்டால் போதும். ஊசி போட்டவர்களும் பரிசோதனையை விட்டுவிடக் கூடாது, எல்லா வகை வைரஸையும் எந்த ஊசியும் தடுப்பதில்லை.

படி 4: எந்தப் பரிசோதனை

பாப் ஸ்மியர் கர்ப்பப்பை வாயிலிருந்து செல்களைச் சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது. எச்பிவி டிஎன்ஏ பரிசோதனை, செல் எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்பே வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கிறது. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2021 முதல் இதையே முதல் தேர்வாகச் சொல்கிறது. மூன்றாவது, நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் செய்யும் வினிகர் பரிசோதனை: 3 முதல் 5 சதவீத அசிட்டிக் அமிலத்தைப் பஞ்சால் தடவி ஒரு நிமிடம் பொறுத்தால், மாறுபட்ட இடம் வெள்ளையாகத் தெரியும். எளிமையானது என்று இதைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். திண்டுக்கல் மாவட்டத்தில் பயிற்சி பெற்ற நர்ஸ்களைக் கொண்டு இதை ஒரே ஒரு சுற்று செய்த ஆய்வின் முடிவு 2007-ல் வெளியானது. இந்த நோயால் வரும் மரணம் 35 சதவீதம் குறைந்திருந்தது. மாதவிலக்கு நின்றவர்களுக்கு மட்டும் இது சரிவராது, பார்க்க வேண்டிய பகுதி உள்ளே ஏறிவிடும்.

பாப் ஸ்மியருக்கும் வினிகர் பரிசோதனைக்கும் ஸ்பெகுலம் வேண்டும். எச்பிவிக்குத்தான் சுயமாக எடுக்கும் வழி இருக்கிறது. சுயமாக எடுத்த மாதிரியில் பாப் ஸ்மியர் செய்ய முடியாது.

சுயமாக எடுப்பது எப்படி

மருத்துவமனையோ ஆய்வகமோ தரும் பெட்டியில் பஞ்சு முனை அல்லது பிரஷ் முனை வைத்த ஒரு மெல்லிய குச்சியும் ஒரு குழாயும் இருக்கும். டாம்பனைவிட மெல்லியது. மாதவிலக்கு நாளிலும், பிறப்புறுப்புக்குள் க்ரீமோ மாத்திரையோ வைத்த இரண்டு நாட்களுக்குள்ளும் எடுக்காதீர்கள்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். குச்சியில் ஒரு கோடு போட்டிருக்கும். அந்தக் கோட்டில் பிடியுங்கள், முனையை எதிலும் பட விடாதீர்கள். குந்தி உட்காரலாம், ஒரு காலை ஸ்டூலில் வைத்து நிற்கலாம், படுத்துக்கொள்ளலாம். எதில் உடல் தளர்கிறதோ அது. யோனி நேர் மேலே போகும் குழாய் இல்லை, கீழ் முதுகை நோக்கிச் சாய்ந்து போகிறது. மேல் நோக்கிக் குத்துவதால்தான் பலருக்கு வலிக்கிறது. முதுகுத்தண்டின் அடிப்பக்கம் பார்த்து, விரல் கோட்டைத் தொடும் வரை மெதுவாக விடுங்கள். பெரும்பாலும் 5 செ.மீ. அளவுதான். பெட்டியில் சொன்ன நேரம், வழக்கமாக 20 முதல் 30 விநாடி, மெல்லச் சுழற்றுங்கள். வெளியே எடுத்து நேராகக் குழாய்க்குள் போட்டு மூடுங்கள். கர்ப்பப்பை வாயைத் தொட வேண்டிய தேவையே இல்லை, யோனிச் சுவரில் இருக்கும் செல்களே போதும்.

கெட்டுப்போவது எங்கே என்றால்: குழாயில் திரவம் இருந்தால் அதை அழுக்குத் தண்ணீர் என்று நினைத்துக் கொட்டிவிடுவது, மேலோட்டமாக வெளிப்புறத்தில் மட்டும் தடவி எடுப்பது, எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டுப் பெயரும் தேதியும் எழுத மறப்பது. பெயரில்லாத குழாயை ஆய்வகம் நிராகரித்துவிடும்.

படி 5: ஸ்பெகுலம் பரிசோதனைக்குப் போகிறீர்கள் என்றால்

மாதவிலக்கு தொடங்கிய நாளிலிருந்து 10-வது முதல் 20-வது நாளுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். முந்தைய இரண்டு நாள் உள்ளே கழுவுதல், க்ரீம், மாத்திரை வேண்டாம். பாவாடை அல்லது நீளமான டாப் அணிந்து போனால் முழுதாக உடை களைய வேண்டியிருக்காது. சிறுநீர் கழித்துவிட்டுப் படுங்கள்.

அம்மாவோ சித்தியோ கூட வந்திருப்பார்கள். அவர்கள் எதிரில் உண்மை சொல்ல முடியாது என்று மருத்துவர்களுக்குத் தெரியும், ஆனாலும் பல இடங்களில் எல்லாரையும் உட்கார வைத்தேதான் கேட்கிறார்கள். "டாக்டர், நான் அஞ்சு நிமிஷம் தனியா பேசணும்" என்று நீங்களே சொல்லுங்கள். 18 வயது நிறைந்தவர் தன் பரிசோதனைக்குத் தானே சம்மதிக்கலாம். நீங்கள் சொன்னதை வீட்டாரிடம் சொல்லாமல் காப்பது மருத்துவரின் தொழில் கடமை. தனியாக இருக்கும்போது மூன்று விஷயம் சொல்லுங்கள்: உடலுறவு அனுபவம் இல்லை என்பது, வேறு தொடர்பு இருந்ததா இல்லையா என்பது, இதுதான் முதல் முறை என்பது. பிறகு, "சின்ன சைஸ் ஸ்பெகுலம் இருக்கா?" என்று கேளுங்கள். குறுகலான இதழ் கொண்ட ஸ்பெகுலம் தனியாகவே உண்டு. அது இல்லாத இடமென்றால், வேறு நாளோ வேறு இடமோ பார்த்துக்கொள்வது நல்லது. வழக்கமான அளவை வைத்து ஒப்பேற்ற வேண்டாம். ஆண் மருத்துவர் என்றால் பெண் நர்ஸ் உடனிருக்க வேண்டும், கேட்டுப் பெறுங்கள்.

பரிசோதனை சில நிமிடங்களில் முடியும். ஸ்பெகுலம் உள்ளே போகும்போது மூச்சைப் பிடித்தால் தசை இறுகும். நீளமாக மூச்சை விடுங்கள், இடுப்பை மேலே தூக்காமல் படுக்கையில் அழுந்த வையுங்கள். சிலருக்குத் தாங்களே அதை மெல்ல உள்ளே நகர்த்துவது எளிதாக இருக்கிறது. கேட்டால் பல மருத்துவர்கள் அனுமதிப்பார்கள். வழுவழுப்புக்காக ஜெல் தடவும்போது கொஞ்சமாக, தண்ணீர் சார்ந்ததாக, நுனியில் படாமல் தடவ வேண்டும். அதிக ஜெல் மாதிரியைக் கெடுத்துவிடும். "நிறுத்துங்க" என்று எந்த நொடியிலும் சொல்லலாம். நீங்கள் வேண்டுமென்று இறுக்கவில்லை, ஆனாலும் தசை தானாக மூடிக்கொள்கிறது என்றால் அது வெஜைனிஸ்மஸ் எனும் நிலையாக இருக்கலாம். சிகிச்சை உண்டு. அன்றைக்குப் பலவந்தமாகச் செய்து முடிக்கும் அளவுக்கு இந்தப் பரிசோதனை அவசரமானது இல்லை.

கன்னித்திரை பற்றிய கேள்வியைத் தயங்கித் தயங்கித்தான் கேட்கிறார்கள், அதனால் நேராகவே சொல்லிவிடலாம். அது ஒரு மூடிய திரை இல்லை. மாதவிலக்கு வெளியேறும் வழி கிட்டத்தட்ட எல்லாருக்கும் திறந்தே இருக்கிறது. சவ்வு ஓரத்தில் ஒரு மடிப்பாக நிற்கிறது, ஆளுக்கு ஆள் வடிவம் மாறும். சுயமாக எடுக்கும் மெல்லிய குச்சி பொதுவாக அதைப் பாதிப்பதில்லை. ஸ்பெகுலம் அதை இழுக்கவும் சற்றுக் கிழிக்கவும் கூடும். கவனமாகச் செய்தால் வாய்ப்பு குறைவு, இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தச் சவ்வைப் பார்த்து ஒரு பெண்ணுக்கு உடலுறவு அனுபவம் உண்டா என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. அப்படிச் சொல்லும் 'இரு விரல்' பரிசோதனைக்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2022 அக்டோபரில் மீண்டும் கண்டித்திருக்கிறது. இந்தக் கவலை உங்களுக்குப் பெரிதாக இருந்தால் அது உங்கள் முடிவில் இடம்பெற வேண்டிய விஷயம்தான். எச்பிவி சுயப் பரிசோதனையைத் தேர்ந்தெடுக்க அதுவே நியாயமான காரணம்.

முழு உடல் பரிசோதனைப் பொதி வாங்கியவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: அதில் யோனி வழி ஸ்கேனும் சேர்ந்திருக்கலாம். உடலுறவு அனுபவம் இல்லாதவர்களுக்கு வழக்கமாகத் தண்ணீர் குடித்துச் சிறுநீர்ப்பை நிறைந்த நிலையில் வயிற்றின் மேல் வைத்தே ஸ்கேன் செய்வார்கள். முன்கூட்டியே சொல்லிவிட்டால் மேசையில் படுத்த பிறகு விளக்க வேண்டியிருக்காது.

படி 6: ரிப்போர்ட் வந்த பிறகு

எச்பிவி இல்லை என்று வந்தால் அடுத்த 5 ஆண்டுக்கு நிம்மதி.

பாப் ஸ்மியர் ரிப்போர்ட்டில் 'இன்ஃப்ளமேட்டரி' என்ற சொல்லைப் பார்த்து அழுதபடி வருகிறவர்கள் நிறையப் பேர். அழற்சி என்று பொருள். புற்றுநோய் என்று பொருள் இல்லை. 'என்ஐஎல்எம்' என்றால் கெட்ட மாற்றம் இல்லை. 'ஏஸ்கஸ்' என்றால் உறுதியாகச் சொல்ல முடியாத சிறு மாற்றம், அடுத்து எச்பிவி பரிசோதனை. 'எல்சில்' என்றால் லேசான மாற்றம், 'ஹெச்சில்' என்றால் தீவிரமான மாற்றம்; இவற்றுக்குக் கால்போஸ்கோபி (கர்ப்பப்பை வாயை உருப்பெருக்கிக் கருவியால் பார்ப்பது) வரை போக வேண்டியிருக்கும். 'அன்சாட்டிஸ்ஃபேக்டரி' என்பது நோயைக் குறிக்காது. ரத்தம் கலந்திருக்கலாம், செல் போதவில்லை, அல்லது கண்ணாடிச் சில்லில் தடவியதை உடனே ஆல்கஹாலில் முக்காமல் காயவிட்டிருப்பார்கள். மறுபடி எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

எந்தத் தொடர்பும் இல்லை என்று சொன்னவருக்கு எச்பிவி இருக்கிறது என்று வந்தால்? வீட்டில் பெரிய புயல் கிளம்பக்கூடிய இடம் இது. முதலில், அந்த ரிப்போர்ட் எப்போது, யாரிடமிருந்து வந்தது என்று எதையும் சொல்லாது. பல ஆண்டு அடங்கியிருந்து தலைகாட்டுவது உண்டு. உடலுறவு இல்லாத வேறொரு தொடர்பிலிருந்து வந்திருக்கலாம். அரிதாகப் பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்கு எச்பிவி போவதும் உண்டு. பரிசோதனை தவறாகக் காட்டுவதும் நடக்கும்; ஆபத்து குறைந்தவர்களிடம் செய்யும்போது வரும் 'பாசிட்டிவ்'களில் அப்படிப்பட்டவற்றின் பங்கு அதிகம். அதை ஒழுக்கச் சான்றிதழாக யாரும் படிக்க முடியாது, படிக்கவும் கூடாது. செய்ய வேண்டியது இவ்வளவே: எந்த வகை என்று பாருங்கள். 16 அல்லது 18 என்றால் கால்போஸ்கோபி. மற்ற வகை என்றால் பாப் ஸ்மியர். அது சரியாக இருந்தால் ஓராண்டில் மறுபடி எச்பிவி பரிசோதனை. அதற்குள் பெரும்பாலும் உடலே துடைத்துவிட்டிருக்கும்.

அறிகுறி இருந்தால் மேலே சொன்ன கணக்கெல்லாம் பொருந்தாது

மாதவிலக்குக்கு நடுவே ரத்தம், மாதவிலக்கு நின்ற பிறகு ஒரு துளி ரத்தமாவது படுதல், தண்ணீர் போலவோ நாற்றத்தோடோ ஓயாத வெள்ளைப்படுதல், விடாத அடிவயிற்று வலி: இவற்றில் ஒன்று இருந்தாலும் வயதும் தொடர்பும் பார்க்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். பெரும்பாலும் ஹார்மோன் குளறுபடி, பிசிஓஎஸ், தைராய்டு, நார்க்கட்டி, பூஞ்சைத் தொற்று என்றுதான் முடியும். "கல்யாணமாகாத பொண்ணு, உள்ளே பார்க்க முடியாது" என்று மாத்திரை எழுதி அனுப்பிவிட்டால், வயிற்று ஸ்கேனாவது எடுக்கச் சொல்லுங்கள். ரத்தம் நிற்கவில்லை என்றால் மயக்கம் கொடுத்துப் பார்க்கும் வழியும் இருக்கிறது. தமிழ்நாட்டில் எங்கே போவது என்று தெரியாவிட்டால் 104-ஐ அழைத்து விசாரிக்கலாம்.

கல்யாணம் செய்துகொள்ளாமலே ஐம்பதைக் கடந்த அத்தையோ பெரியம்மாவோ உங்கள் வீட்டில் இருந்தால், அவர்கள் விஷயத்தில் கவனம் வேறு பக்கம் திரும்ப வேண்டும். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் அவர்களுக்கு வரும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் பிள்ளை பெறாத பெண்களுக்கு மார்பகம், கருப்பையின் உட்சுவர், சினைப்பை ஆகிய மூன்று இடங்களிலும் புற்றுநோய் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதல். உடல் பருமனும் சர்க்கரையும் சேர்ந்தால் கருப்பை உட்சுவருக்கு இன்னும் கூடும். பாப் ஸ்மியர் சரியாக இருக்கிறது என்பது இந்த மூன்றுக்கும் உத்தரவாதம் ஆகாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மார்பகப் பரிசோதனை இலவசம். உடலுறவு அனுபவத்துக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. மாதவிலக்கு நின்று ஓராண்டுக்குப் பிறகு துணியில் கறை பட்டதாக அவர்கள் எப்போதாவது பேச்சுவாக்கில் சொன்னால், "சூடா இருக்கும், இளநீர் குடிங்க" என்று சொல்லி விட்டுவிடாமல் அந்த வாரத்திலேயே கூட்டிக்கொண்டு போய் ஸ்கேனில் கருப்பை உட்சுவரின் தடிமனைப் பார்க்கச் சொல்லுங்கள்.